வண்டிக்கு ஷூ மாற்றிய மாப்பிள்ளை!

ராத்திரி பத்தரை மணிக்கு மச்சினன் போன் செய்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, மாமனார் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. இரண்டு, பணம்.

"மச்சான், இங்க எல்லாரும் சௌக்கியம்" என்று ஆரம்பித்தான். ஆக, இரண்டாவது!

"வண்டிக்கு ஷூ மாத்தலாம்னு இருக்கேன். அப்படியே ஷாக்கும். ஒரு லட்சம் இருந்தா..."

ஷூ என்றால் டயர். ஷாக் என்றால் ஷாக் அப்சர்பர். ஒரு லட்சம் என்றால் என் ஃபிக்ஸட் டெபாசிட்! பி.காம். படித்துவிட்டு, நாலு பேருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுத்து, மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதிச் சேர்த்த காசு. முதிர்வுக்கு ஏழு மாசம் இருந்தது. என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். "தம்பி தொழிலுக்குத்தானே கேட்கறான்" என்றது முகம். மறுநாள் பாங்கில் அபராத வட்டி பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள்.

தொழிலுக்கு என்பது பொய்யில்லை. மச்சினனுக்குச் சேந்தமங்கலத்தில் வீடு. கொல்லிமலைக்கு மேலே போய் மிளகு, பலா, வாழை எல்லாம் வாங்கிக் கீழே இறக்கி, நாமக்கல் வியாபாரிகளுக்குப் போடுகிறான். அதற்காக வாங்கியதுதான் அந்த டபுள் கேபின் பிக்-அப். முன்னே ஐந்து பேர் உட்காரலாம், பின்னே திறந்த தொட்டி. வேண்டும்போது நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் வீல் டிரைவ். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் வண்டி மேல் ஒரு தப்பும் கிடையாது. தப்பெல்லாம் மனுஷ ஜாதியுடையது.)

செம்மேட்டைத் தாண்டி உள்ளே போனால் சில தோட்டங்களுக்குத் தார் ரோடு கிடையாது. மழை பெய்தால் செம்மண் பாதை அல்வா மாதிரி ஆகிவிடும். வண்டி தொண்ணூறாயிரம் கிலோ மீட்டர் ஓடியிருந்தது. பின்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, அதன் மேல் புழுதி ஒட்டி, பார்க்க வடைச் சட்டி மாதிரி இருந்தது. டயரைக் கையால் தடவினால் ஒரு இடத்தில் மேடு, ஒரு இடத்தில் பள்ளம். ஷாக் செத்துப்போய் சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடினால் டயர் இப்படித்தான் திட்டுத் திட்டாகத் தேயும். ஆக, இரண்டையும் மாற்ற வேண்டியது நியாயம்தான். எதை, எப்படி என்பதில்தான் கோளாறு.

அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தை வீழ்த்தினானாம். நம் ஆளும் ஒரே பில்லில் ஐந்து காரியம் சாதிக்க நினைத்தான். வண்டி உயரமாக வேண்டும், குலுங்கக் கூடாது, லோடு கூட ஏற்ற வேண்டும், சேற்றில் மாட்டக் கூடாது, கடைசியாக... பார்ப்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும்!

இதற்கென்றே இருக்கிற ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஏ.சி. ஹால், காபி, சுவரெல்லாம் பாறை மேல் ஏறி நிற்கும் வண்டிகளின் படம். யூடியூபில் மூன்று மாசம் படித்துத் தேறியிருந்த மச்சினனும், கடைப் பையனும் பேசிக்கொண்ட பாஷை எனக்குப் புரியவே இல்லை. பையன் நிறையக் கேள்வி கேட்டான். என்ன கலர், என்ன உயரம், இ.எம்.ஐ. வேண்டுமா என்றெல்லாம். அந்த வண்டியில் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பழைய டயர் 245/70 ஆர் 16. புதுசு 265/70 ஆர் 16. இந்த நம்பர்கள் ஏதோ ரயில் வண்டி நம்பர் மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரொம்ப சுலபம். 245 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவிகிதம். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கால்குலேட்டரைத் தட்டினால் பழைய டயரின் மொத்த விட்டம் 749 மில்லி மீட்டர், புதுசு 777. அதாவது 28 மில்லி மீட்டர் பெரிசு. ஆனால் வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, வெறும் 14 மில்லி மீட்டர்! மீதிப் பாதி மேலே, மட்கார்டை நோக்கிப் போய்விடும்.

இந்தக் கால்குலேட்டர் வேலையை நான் செய்தது எல்லாம் முடிந்த பிறகு. முன்னாடியே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.

நாலு டயர், நாலு ஷாக், முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேலே வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரு வளையம், ஃபிட்டிங், அலைன்மென்ட். மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். ஷாக் சும்மா சொல்லக்கூடாது, என் தொடை கனத்துக்கு மினுமினுவென்று இருந்தது. ஒற்றைக் குழாய், உள்ளே நைட்ரஜன் வாயு. "ஹெவி டியூட்டி சார்!" என்றான் பையன். அந்த வார்த்தைக்கு மட்டும் இருபதாயிரம் இருக்கும்.

திரும்பி வரும்போது தொட்டி காலி. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் பின்பக்கம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. "புதுசு மச்சான், பழகினா சரியாப் போயிடும்" என்றான். நான் பேசவில்லை. பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

அடுத்து வந்தது மே மாசம். பள்ளிக்கூட லீவு. என் மனைவியும் பையனும் கொல்லிமலை பார்க்க வேண்டும் என்றார்கள். ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில் எல்லாம் ஆயிற்று. மறுநாள் காலையில் லோடு ஏற்றிக்கொண்டு எல்லோரும் கீழே இறங்குவதாக ஏற்பாடு. ஐம்பது கிலோ மிளகு மூட்டை பத்து. பலாப்பழம் முப்பது. அப்புறம் ஆறு வாழைத்தார். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது. "ஒரு டன் வண்டி மச்சான், இதெல்லாம் தூசு. அதுக்குத்தானே ஷாக்கே மாத்தினோம்?"

சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை இறக்கத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எழுபது! மச்சினன் பாதுகாப்புக்கு என்று ஃபோர் வீல் டிரைவைப் போட்டுக்கொண்டான். காய்ந்த தார் ரோட்டில்! வளைவுகளில் ஸ்டீயரிங் கனத்தது. அடியில் யாரோ வண்டியைப் பிடித்து இழுப்பது போலத் திணறியது. "கிரிப்பு!" என்றான்.

ஒரு வளைவு. வலது பக்கம் பாறை, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. பாதி திரும்பும்போது பின்பக்கம் 'ணங்'கென்று கீழே இடித்தது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தான். முன்சக்கரம் உள் மட்கார்டில் 'கர்ர்ர்' என்று உரசியது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஸ்டீயரிங்கை ஒரு நொடி விட்டுக் கொடுத்தான். ஒரே ஒரு நொடி. வண்டி வளைவின் வெளிப்பக்கம் போனது. கீழேயிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

பஸ்ஸின் முகப்புக் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை எண்ணிச் சொல்ல முடியும் என்கிற தூரத்தில் நின்றோம். மூன்று. பின் ஸீட்டில் என் மனைவி பையனின் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. ஒரு பலாப்பழம் தொட்டியிலிருந்து எகிறி, ரோட்டில் விழுந்து, கைப்பிடிச் சுவரில் மோதிப் பிளந்தது. ஊரே மணத்தது.

பஸ் டிரைவர் திட்டவில்லை. மலையேறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்று பாடம் நடத்தவில்லை. எங்கள் டயரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பின் ஸீட்டைப் பார்த்தார். "புள்ளைய வெச்சுக்கிட்டு இப்படி ஏத்திட்டு வரலாமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, அவரே பின்னால் எடுத்து வழிவிட்டார். மச்சினனின் கை நடுங்கியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஃபோர் வீலைக் கழற்றி, முதல் கியரில், மிச்ச வளைவுகளை ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரி இறங்கினோம். யாரும் பேசவில்லை.

நாமக்கல்லில் லாரிக்கு வைத்தியர்கள் நிறைய. பாடி கட்டுவதில் ஊருக்கே பேர். பழைய ஸ்பிரிங் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபது வயசிருக்கும். கட்டம் போட்ட லுங்கி, காதில் பீடி. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஸ்பானரைத் தொடவே இல்லை.

"ஏனுங், எத்தன கிலோ ஏத்துவீங்?"

ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் செலவு பண்ணி நாங்கள் கேட்காத கேள்வி!

"ஒரு டன் வண்டிங்க" என்றான் மச்சினன்.

"நான் வண்டியக் கேக்கலைங். ஏத்தறதக் கேட்டேன். எதிர்த்தாப்ல எடை மேடை இருக்குது. எல்லாரும் உக்காந்தபடியே ஒரு நட போயிட்டு வாங்."

போனோம். மொத்த எடை 3,110 கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் லோடோடு அனுமதித்த எடை 2,950. காலி வண்டி 1,930. கழித்துப் பார்த்தால் எங்களுக்கு உரிமையுள்ளது 1,020 கிலோ. சரக்கு 950-தான். ஆனால் வண்டிக்குள் இருந்த நாலு பேரைக் கணக்கில் சேர்க்கவே இல்லையே! என் தொப்பை உட்பட எல்லாம் அந்த 1,020-க்குள் அடக்கம். பி.காம். படித்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் 160 கிலோ ஓவர் டிராஃப்ட்!

முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு தரம் எடை போடச் சொன்னார். முன்னால் 1,220. அப்படியானால் பின்னால் 1,890. தொண்ணூறாயிரம் கிலோ மீட்டர் உழைத்து முதுகு நிமிர்ந்துபோன பழைய ஸ்பிரிங் பட்டைகள் மேல் அத்தனையும்.

"ஷாக்கு புதுசுங்களே?" என்று மச்சினன் பரிதாபமாகக் கேட்டான்.

பெரியவர் பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை. "தம்பி, மாடு பாரம் இழுக்கும். மூக்கணாங்கயிறு மாட்ட அடக்கும். கயித்த ரெண்டு மடங்கு தடிமனாப் போட்டா மாடு கூடப் பாரம் இழுக்குமாங்?"

இதைவிடச் சுருக்கமாக எந்த இன்ஜினீயரிங் புத்தகத்திலும் சொல்லியிருக்க மாட்டார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் விட்டால் ஊஞ்சலாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன், அதில் சின்னச் சின்ன ஓட்டைகள், சுற்றிலும் எண்ணெய். ஆட்டத்தின் சக்தியெல்லாம் எண்ணெய் அந்த ஓட்டைகளில் நெருக்கியடித்துப் போவதில் சூடாக மாறிவிடுகிறது. மோசமான ரோட்டில் அரை மணி ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டால் (தொடாதீர்கள்!) சுடும். எண்ணெயில் நுரை கட்டினால் பிடிப்புப் போய்விடும். நுரைக்காமல் இருக்கத்தான் நைட்ரஜன் அழுத்தம். ஒற்றைக் குழாய் ஷாக்கில் எண்ணெயின் சூடு நேராக வெளிச்சுவருக்கு வந்து சீக்கிரம் ஆறும். அதே சமயம் அந்தச் சுவரில் கல் பட்டு நசுங்கினால் கதை முடிந்தது. இரட்டைக் குழாயில் வெளிக் குழாய் நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் பிழைத்துக்கொள்ளும். கல் தெறிக்கும் மலைப்பாதைக்கு எது என்று நீங்களே சொல்லுங்கள்.

எப்போதும் முழு லோடோடு ஓடும் வண்டிக்கான இறுக்கமான ஷாக்கை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். இவனோ போகும்போது காலி, வரும்போது லோடு. அதனால்தான் கன்றுக்குட்டித் துள்ளல்.

பெரியவர் அடுத்து டயருக்கு வந்தார். "நாலு காலுக்குப் புதுசு. ஸ்டெப்னி?"

ஸ்டெப்னி பழைய சைஸ். மிச்சம் பிடித்த பதினேழாயிரம்! பஞ்சரானால் ஒரு சக்கரம் மட்டும் 28 மில்லி மீட்டர் சின்னது. இந்த ரக ஃபோர் வீல் டிரைவில் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் விறைப்பாகப் பூட்டிவிடுகிறது. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், பின்சக்கரங்கள் குறைந்த தூரம். சேற்றில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமேது? உள்ளே பல் சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஸ்டீயரிங் திரும்ப மறுக்கும். மச்சினன் 'கிரிப்பு' என்று பெருமைப்பட்டது இதைத்தான்! டயர் அளவுகள் வேறுவேறாக இருந்தால் நேர் ரோட்டில்கூட இந்த முறுக்கல் ஏறும்.

பெரிய டயரில் இன்னொரு வேடிக்கை. ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 83-ல் போகிறோம். ஆயிரம் கிலோ மீட்டர் ஓடினால் மீட்டர் 964 என்றுதான் எழுதும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று ஒரு மாசமாகப் புலம்பினானே, அதில் கொஞ்சம் நிஜம், கொஞ்சம் கணக்குப் பிழை. டயர் விட்டம் கூடினால் அதே பிரேக், அதே கியர் தரும் பிடிப்பும் அந்த விகிதத்தில் குறையும். மூன்றே முக்கால் சதவிகிதம்தான். சமதளத்தில் தெரியாது. எழுபது வளைவு இறக்கத்தில் 160 கிலோ ஓவர் லோடோடு சேர்ந்தால் தெரியும். தெரிந்தது.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்தமாகச் சொல்லியது. தேய்ந்த ஷாக்குக்குப் புது ஷாக் போடுவதை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வண்டியைத் தூக்கி, சைஸ் மீறிய டயரும் போட்டு, அன்றைக்கு அந்த பஸ்ஸில் மோதியிருந்தால் இன்ஷூரன்ஸ்காரர் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்தேன். அப்புறம், கேட்பதற்கு நாங்கள் இருந்திருப்போமா என்றும் யோசித்தேன்.

வைத்தியம் நாலு நாள் நடந்தது. டயர்களைக் கடைக்காரரிடமே திருப்பினோம். இருபதாயிரம் தள்ளுபடி, அவருக்கு! அதற்குப் பதில் பழைய 245/70 சைஸிலேயே மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஏ.டி. ரக டயர் ஐந்து. ஆமாம், ஐந்து. செம்மண்ணில் பிடிப்பைக் கொடுப்பது பட்டன் அமைப்பும் பக்கச்சுவரின் உறுதியும்தான், பெரிய சைஸ் இல்லை. வெறும் சேற்றுக்கான எம்.டி. ரகம் வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். தார் ரோட்டில் ஒப்பாரி வைக்குமாம், ஈரத் தாரில் வழுக்குமாம்.

வாங்கும்போது நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டயரைப் படித்தேன். சைஸுக்குப் பக்கத்தில் 112 எஸ் என்று இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 180 கிலோ மீட்டர் வேகம் வரை தாக்குப் பிடிக்கும் என்று அர்த்தம். பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் பிறந்தது. புதுசு என்று விற்கும் டயருக்கே சில சமயம் மூணு வயசு ஆகியிருக்கும். கடைக்காரர் என்னை வருமான வரி அதிகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பின்பக்கம் கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் பட்டை செட்டு, புது புஷ். "ஒரு பட்டை கூடச் சேர்த்துப் போட்டுரட்டுங்களா?" என்றான் மச்சினன், இன்னும் ஆசை விடாமல். "போடலாம். ஆர்.சி. புக்குல எழுதின எடைய யாரு மாத்தறதுங்?" என்றார் பெரியவர். முன்பக்க வளையத்தைக் கழற்றினார். இறுக்கமான பின் ஷாக்குகளைக் கொடுத்து நடுத்தர ரகம், இரட்டைக் குழாய். எல்லாம் மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டி தன் காலில் நின்ற பிறகுதான் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்கினார். அந்தரத்தில் தொங்கும்போதே முடுக்கினால் இறக்கியவுடன் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடுமாம். கடையில் அப்படித்தான் முடுக்கியிருந்தார்கள். அப்புறம் அலைன்மென்ட், ஹெட்லைட்டின் குறி. மூக்கு உயர்ந்த வண்டியின் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில்தான் அடிக்கும்.

காற்று எவ்வளவு என்று கேட்டேன். டிரைவர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று. நாலு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.

எல்லாம் சேர்த்து என் ஃபிக்ஸட் டெபாசிட் போக மச்சினன் தன் சீட்டுப் பணத்தையும் எடுத்தான். ஆடி மாசம் மறுபடி ஒரு நடை போனேன், தனியாக. மழை. செம்மேட்டுக்கு அப்பால் செம்மண் பாதையில் ஃபோர் வீலைப் போட்டான், ஏறியது. தார் ரோட்டுக்கு வந்ததும் கழற்றினான். மிளகு எட்டு மூட்டை. "பத்து இருந்ததே?" என்றேன். "நீங்க வர்றீங்கள்ல மச்சான்" என்றான். எழுபது வளைவும் இறங்கினோம். அந்த வளைவில் மட்டும் ரேடியோவை நிறுத்தினான். 'கர்ர்ர்' இல்லை, 'ணங்' இல்லை.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்குப் போன். "மச்சான், இங்க எல்லாரும் சௌக்கியம். முன்னாடி பம்பர்ல ஒரு வின்ச் மாட்டினா, சேத்துல மாட்டினாலும் நாமளே..."

"எத்தனை கிலோ?" என்றேன்.